பழைய கார் கற்பிக்கும் பாடம்: எரிபற்றற் சுற்றும் எரிபொருள் உட்செலுத்தலும்

அறிமுகம்

ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகிய பெயர்கள் யாழ்ப்பாண மக்களுக்குப் பழக்கமானவை. வாடகைக் கார்களாகவும் கலியாண வீட்டுக் கார்களாகவும் இவை நீண்டகாலம் எமது வீதிகளில் ஓடின. சில இன்றும் ஓடுகின்றன. ஏ40 வகையில் டெவன் 1947 தொடக்கம் 1952 வரையும், சமசெற் 1952 தொடக்கம் 1954 வரையும் பிரித்தானியாவில் உற்பத்தி செய்யப்பட்டன. மொறிஸ் மைனர் 1948 இல் அறிமுகமாகி 1970களின் தொடக்கம் வரை உற்பத்தியாகியது.

இக்கார்களின் முன்மூடியைத் திறந்தால் விஞ்ஞான பாடத்தின் பல அலகுகளை ஒரே இடத்திற் காணலாம். மின்காந்தத் தூண்டல், ஓமின் விதி, கொள்ளளவி, ஆவியாதல், எரிதல், பகுதிபடக் காய்ச்சி வடித்தல் என்பன யாவும் அங்கே உண்டு. இக்கட்டுரையில் மாணவர் விளங்கிக்கொள்ள வேண்டிய உண்மைகள் இரண்டாகும்.

1. தீப்பொறி, முதற்சுருளில் மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும்போது பிறப்பதில்லை. அது தடைப்படும் கணத்திலேயே பிறக்கின்றது.
2. திரவ எரிபொருள் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. ஆவியாகி வளியுடன் சரியான விகிதத்திற் கலந்த பின்னரே எரிகின்றது.

இவ்விரண்டையும் விளங்கிக்கொண்டவருக்குப் பழைய காரின் சுற்றும் இன்றைய மின்னணு உட்செலுத்தற் சுற்றும் ஒன்றுபோலவே தோன்றும். விளங்காமல் மனனஞ் செய்தவர் வினாவைச் சிறிது மாற்றிக் கேட்டாலே தடுமாறுவர்.

1. நான்கடிப்பு எஞ்சின்: ஒரு மீட்டல்

பெற்றோல் எஞ்சினின் உருளையினுள் முசலம் மேலும் கீழும் அசைகின்றது. ஒரு முழுச் சக்கரம் நான்கு அடிப்புகளைக் கொண்டது.

(அ) உறிஞ்சல் அடிப்பு: முசலம் கீழே செல்லும். எரிபொருள் ஆவியும் வளியும் கலந்த கலவை உள்ளே இழுக்கப்படும்.
(ஆ) நெருக்கல் அடிப்பு: வால்வுகள் மூடியிருக்க முசலம் மேலே வந்து கலவையை நெருக்கும். பழைய ஏ40 எஞ்சினில் கலவையின் கனவளவு ஏறத்தாழ ஏழிலொரு பங்காகக் குறையும்.
(இ) வலு அடிப்பு: தீப்பொறியினாற் கலவை எரிந்து விரிந்து முசலத்தைக் கீழே தள்ளும்.
(ஈ) வெளியேற்றல் அடிப்பு: எரிந்த வாயுக்கள் வெளியேற்றப்படும்.

நான்கு அடிப்புகளுக்கும் கிராங்க் தண்டு இரண்டு முறை சுற்ற வேண்டும். எனவே ஓர் உருளைக்கு இரண்டு சுற்றுகளுக்கு ஒரு பொறி தேவை.

உதாரணம் 1: நான்கு உருளை எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் சுற்றுகின்றது. ஒரு செக்கனுக்கு எத்தனை பொறிகள் தேவை?

ஒரு செக்கனில் சுற்றுகள் = 3000 ÷ 60 = 50
ஓர் உருளைக்குத் தேவையான பொறிகள் = 50 ÷ 2 = 25
நான்கு உருளைகளுக்கும் = 25 × 4 = 100

அதாவது, ஒவ்வொரு நூறிலொரு செக்கனுக்கும் ஒரு பொறி வேண்டும். அப்பொறி சரியான உருளையில், சரியான கணத்தில் தோன்ற வேண்டும். எரிபற்றற் சுற்றின் வேலை இதுவே.

2. எரிபற்றற் சுற்று

2.1 பகுதிகள்

பற்றரி, எரிபற்றல் ஆளி, தூண்டற் சுருள், தொடுகை முறிப்பான், கொள்ளளவி, டிஸ்ரிபியூற்றர், தீப்பொறிச் செருகிகள் என்பன இச்சுற்றின் பகுதிகளாகும். கராஜ்களில் இவற்றுட் சிலவற்றுக்கு வேறு பெயர்கள் வழங்குகின்றன. தூண்டற் சுருளைக் கொயில் என்றும், தொடுகை முறிப்பானைப் பொயின்ற் என்றும், கொள்ளளவியைக் கொண்டென்சர் என்றும், தீப்பொறிச் செருகியைப் பிளக் என்றும் கூறுவர். இவ்வமைப்பை அமெரிக்கப் பொறியியலாளரான சாள்ஸ் கெற்றரிங் உருவாக்கினார். அது 1910 ஆம் ஆண்டுக்குரிய காடிலக் கார்களிற் பொருத்தப்பட்டது. அதன் பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகின் பெரும்பாலான பெற்றோல் கார்கள் இம்முறையிலேயே இயங்கின.

தூண்டற் சுருளினுள் மெல்லிரும்பு அகணி ஒன்றும் அதன்மீது சுற்றப்பட்ட இரு சுருள்களும் உண்டு. முதற்சுருள் தடித்த கம்பியினால் ஆன சில நூறு சுற்றுகளைக் கொண்டது. துணைச்சுருள் மிக மெல்லிய கம்பியினால் ஆன பல்லாயிரம் சுற்றுகளைக் கொண்டது.

சுற்றுகள் இரண்டு என்பதைக் கவனிக்குக.

முதற்சுற்று: பற்றரி, ஆளி, முதற்சுருள், தொடுகை முறிப்பான், காரின் உலோக உடல், மீண்டும் பற்றரி.
துணைச்சுற்று: துணைச்சுருள், டிஸ்ரிபியூற்றரின் சுழலும் கை, செருகி, காரின் உலோக உடல்.

இரண்டிலும் திரும்பிச் செல்லும் கம்பியாகக் காரின் உடலே பயன்படுகின்றது. உடலுடன் இணைக்கும் இடத்தில் துரு ஏறினால் தடை கூடும், பொறி நலிவடையும். கடற்காற்று வீசும் குடாநாட்டில் இது அடிக்கடி ஏற்படும் பழுதாகும்.

2.2 தொழிற்படும் விதம்

தொடுகைகள் மூடியிருக்கும்போது முதற்சுருளில் மின்னோட்டம் பாய்ந்து, அகணியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகின்றது. இப்புலம் வளர்வதற்குச் சில மில்லிசெக்கன்கள் எடுக்கும். டிஸ்ரிபியூற்றர்த் தண்டிலுள்ள முனைப்பு தொடுகைகளைப் பிரித்ததும் மின்னோட்டம் தடைப்படுகின்றது. காந்தப்புலம் மிகக் குறுகிய நேரத்தினுள் அழிகின்றது. மாறும் இக்காந்தப் பாயம் துணைச்சுருளை ஊடறுப்பதனால் அங்கு மிக உயர்ந்த மின்னியக்க விசை தூண்டப்பட்டு, செருகியின் இடைவெளியிற் பொறி பாய்கின்றது.

தூண்டப்படும் மின்னியக்க விசை காந்தப் பாயம் மாறும் வீதத்திற்கு விகிதசமமானது. மைக்கல் பரடே 1831 இற் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலின் அடிப்படை இதுவாகும். புலம் மெதுவாக வளர்வதனால் மூடும்போது தூண்டப்படும் மின்னியக்க விசை சிறிது. புலம் சடுதியாக அழிவதனால் திறக்கும்போது தூண்டப்படுவது மிகப் பெரிது.

இதே உண்மையை யாழ்ப்பாணத்து வீடுகள் வேறொரு விதத்திற் கண்டுள்ளன. 1990களின் முதற்பாதியில் மின்சாரமும் உலர்மின்கலங்களும் கிடைக்காதபோது, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னைக்கொண்டு வானொலி கேட்டனர். சில்லு சுற்றும்வரை செய்தி கேட்கும். நின்றதும் வானொலியும் நிற்கும். காந்தம் டைனமோவினுள்ளேதான் இருக்கின்றது. ஆயினும் பாயம் மாறாதபோது மின் இல்லை. மாற்றமே மின்னைத் தருகின்றது.

2.3 மாணவர் வழக்கமாக விடும் தவறு

"பற்றரி 12 வோல்ற்று, சுற்றுகளின் விகிதம் 1 : 100, எனவே துணைச்சுருளில் 1200 வோல்ற்று" எனப் பலர் எழுதுவர். இது இரு வகையிலும் தவறு. முதலாவதாக, மாறாத நேரோட்டம் நிலைமாற்றியொன்றின் துணைச்சுருளில் எதனையும் தூண்டாது. இரண்டாவதாக, நெருக்கப்பட்ட வாயுவில் ஏறத்தாழ 0.6 மில்லிமீற்றர் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு 1200 வோல்ற்றுப் போதாது. பல ஆயிரம் வோல்ற்று வேண்டும்.

புலம் அழியும்போது அது முதற்சுருளையும் ஊடறுக்கின்றது. அதனால் முதற்சுருளிலேயே ஏறத்தாழ 250 தொடக்கம் 300 வோல்ற்று வரை தூண்டப்படுகின்றது. விகிதத்தைப் பயன்படுத்த வேண்டியது இப்பெறுமானத்திற்கே.

உதாரணம் 2: முதற்சுருளின் தடை 3 ஓம். சுற்றுகளின் விகிதம் 1 : 100. தொடுகை திறக்கும்போது முதற்சுருளில் 250 வோல்ற்றுத் தூண்டப்படுகின்றது.

மூடியிருக்கும்போது பாயத்தக்க உயர் மின்னோட்டம் = 12 ÷ 3 = 4 அம்பியர்
துணைச்சுருளில் உண்டாகத்தக்க உயர் வோல்ற்றளவு = 250 × 100 = 25 000 வோல்ற்று

2.4 கொள்ளளவி எதற்கு?

தொடுகைகள் பிரியும் கணத்தில் அவற்றுக்கிடையிலும் பொறி பாய முயலும். அப்படிப் பாய்ந்தால் மின்னோட்டம் சடுதியாக நிற்காது, புலம் மெதுவாக அழியும், செருகியிற் பொறி நலிவடையும், தொடுகைகளும் கருகும். தொடுகைகளுக்குச் சமாந்தரமாக இணைக்கப்பட்ட கொள்ளளவி அம்மின்னோட்டத்தைத் தற்காலிகமாக ஏற்று மின்னேற்றம் பெறுகின்றது. அதனால் தொடுகைகளிற் பொறி குறைந்து, புலம் விரைவாக அழிகின்றது. தொடுகைகள் அடிக்கடி கருகுமாயின் அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் கொண்டென்சரைச் சந்தேகிப்பார். அவர் பார்ப்பது பாயம் மாறும் வீதத்தையே.

2.5 பொறி ஏன் முந்தியே பாய வேண்டும்?

கலவை முழுவதும் ஒரே கணத்தில் எரிவதில்லை. அதற்கு ஏறத்தாழ 2 மில்லிசெக்கன் எடுக்கும் எனக் கொள்வோம். நிமிடத்திற்கு 3000 சுற்றில் கிராங்க் தண்டு ஒரு செக்கனில் 50 × 360 = 18 000 பாகை திரும்பும். 2 மில்லிசெக்கனில் அது 36 பாகை திரும்பிவிடும். எனவே முசலம் உச்சியை அடைய முன்னரே பொறி பாய வேண்டும். வேகம் கூடக்கூட இன்னும் முந்த வேண்டும். பழைய கார்களில் டிஸ்ரிபியூற்றரினுள் உள்ள சிறு நிறைகள் வேகம் கூடும்போது வெளிநோக்கி விலகி இதனைத் தாமாகவே சீர்செய்கின்றன.

3. எரிபொருள் வழங்கல்: காபுரேற்றர்

காபுரேற்றரில் வளி ஒடுங்கிய கழுத்தொன்றினூடாக விரைந்து செல்லும். அவ்விடத்தில் அமுக்கம் குறைவதனால் பக்கத்துக் கிண்ணத்திலுள்ள பெற்றோல் நுண்டுளையினூடாக மேலெழுந்து நுண்துளிகளாகச் சிதறி ஆவியாகும். இதற்கு மின் தேவையில்லை.

முற்றாக எரிவதற்கு 1 கிராம் பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் வளி வேண்டும்.

உதாரணம் 3: ஏ40 எஞ்சினின் மொத்தக் கனவளவு 1200 கன சென்ரிமீற்றர்; உருளைகள் 4. வளியின் அடர்த்தி லீற்றருக்கு 1.2 கிராம். உருளை முற்றாக வளியால் நிரம்புவதாகக் கொண்டு, ஒரு தடவைக்குத் தேவையான பெற்றோலின் திணிவைக் காண்க.

ஓர் உருளையின் கனவளவு = 1200 ÷ 4 = 300 கன சென்ரிமீற்றர் = 0.3 லீற்றர்
வளியின் திணிவு = 0.3 × 1.2 = 0.36 கிராம்
பெற்றோலின் திணிவு = 0.36 ÷ 14.7 = 0.024 கிராம் (அண்ணளவாக)

இது மிகச் சிறிய அளவாகும். இவ்வளவு சிறிய அளவைச் செக்கனுக்கு 100 தடவை சரியாக அளந்து கொடுப்பதே காபுரேற்றரின் கடமை.

4. மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதன் பின்னர் பெற்றோல், பற்றரி உட்படப் பல பொருள்களை யாழ்ப்பாணத்திற்குக் கொண்டுவருவது தடைசெய்யப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில், கூடிய விலைக்குக் கிடைத்தது. நோயாளரை ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்லவும் பொருள்களை ஏற்றவும் வாகனம் வேண்டியிருந்தது. அக்காலத்தில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபுரேற்றரினுள் விட்டு எஞ்சினைத் தொடக்குவர். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடும். புகையும் மணமும் வீதியெங்கும் நிறைந்திருந்ததைப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூருவர்.

இது எவ்வாறு சாத்தியமாயிற்று? மசகெண்ணெயைப் பகுதிபடக் காய்ச்சி வடிக்கும்போது பெற்றோல் தாழ்ந்த வெப்பநிலையிலும் மண்ணெண்ணெய் அதனிலும் உயர்ந்த வெப்பநிலையிலும் பெறப்படுகின்றன. மண்ணெண்ணெய் மூலக்கூறுகளிற் காபன் அணுக்கள் கூடுதலாக இருப்பதே காரணம். தீப்பற்றப் போதிய ஆவி வெளிவரும் மிகக் குறைந்த வெப்பநிலை பெற்றோலுக்குப் பூச்சியத்திற்கு ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் கீழே உள்ளது. மண்ணெண்ணெய்க்கு அது ஏறத்தாழ 38 பாகை செல்சியசும் அதற்கு மேலும் ஆகும். எனவே குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் போதியளவு ஆவியாகாது. பொறி எவ்வளவு வலிமையாயினும் எரியாது. பெற்றோற் துளிகள் முதற் சில அடிப்புகளை இயக்கி உலோகத்தைச் சூடாக்குகின்றன. பின்னர் அச்சூடே மண்ணெண்ணெயை ஆவியாக்குகின்றது.

இவ்விதி யாழ்ப்பாணத்திற்கு மட்டும் உரியதன்று. பிரித்தானியாவில் 1949 இல் வெளிவந்த பேர்கசன் உழவு இயந்திர வகையொன்று, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெயில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. அதனையும் பெற்றோலில் தொடக்கிச் சூடேறிய பின்னரே மாற்ற வேண்டும்.

பழைய கார்களுக்கு இருந்த அனுகூலங்கள்:

(அ) நெருக்கல் விகிதம் குறைவு. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் பெற்றோலினதிலும் மிகக் குறைவு. கூடிய நெருக்கலில் அது ஒழுங்கின்றி எரிந்து எஞ்சினில் தட்டல் உண்டாகும். குறைந்த நெருக்கலில் இத்தட்டல் ஓரளவு அடங்கும். பொறியைச் சற்றுப் பிந்தச் செய்வதும் இதனைக் குறைக்கும்.
(ஆ) ஒடுக்குமுனையும் கிண்ணமும் கொண்ட எளிய காபுரேற்றர்.
(இ) கைபிடியினாற் சுற்றித் தொடக்கும் வசதி. மின் தொடக்கி மோட்டாருக்கு நூறு அம்பியர் அளவிலான ஓட்டம் தேவை. தூண்டற் சுருளுக்கு 4 அம்பியர் போதும். மோட்டாரைச் சுற்ற இயலாத நலிந்த பற்றரியும் பொறி கொடுக்கும். புதிய பற்றரி கிடைக்காத காலத்தில் இந்த வேறுபாடு பெரிதாயிற்று.

பிரதிகூலங்களும் உண்டு. ஆவியாகாத மண்ணெண்ணெய் முசல வளையங்களைக் கடந்து கீழே வடிந்து எஞ்சின் எண்ணெயை ஐதாக்கியது. செருகிகளிற் கரி படிந்தது. எஞ்சின்கள் விரைவில் தேய்ந்தன. குறைதகனத்தினால் நச்சு வாயுவான காபனோரொட்சைட்டும் வெளியேறியது. இது தேவையினாற் செய்யப்பட்டது, பின்பற்றத்தக்க முறையன்று.

5. எரிபொருள் உட்செலுத்தல்

காபுரேற்றர் வளியின் ஓட்டத்தை மட்டுமே அறியும். எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா, கலவை முற்றாக எரிந்ததா என்பவற்றை அது அறியாது. இக்குறையைப் போக்கவே எரிபொருளை அமுக்கத்துடன் பீச்சும் முறை வந்தது. 1954 இல் வெளிவந்த மேர்சிடிஸ் பென்ஸ் 300எஸ்எல் என்ற ஓட்டக் காரிலும், 1967 இல் வெளிவந்த பிரித்தானிய ட்ரையம்ப் ரீஆர்5 காரிலும் பொறிமுறையால் இயங்கும் உட்செலுத்தல் இருந்தது. அதே 1967 இல் பொஷ் நிறுவனத்தின் மின்னணு உட்செலுத்தல் பொக்ஸ்வாகன் 1600 காரிற் பொருத்தப்பட்டது. இன்றைய பெற்றோல் கார்கள் யாவும் மின்னணு உட்செலுத்தலையே கொண்டுள்ளன.

உட்செலுத்தி என்பது ஒரு வரிச்சுருளும் ஊசி வால்வும் ஆகும். மின்னோட்டம் பாயும்போது வரிச்சுருள் மின்காந்தமாகி ஊசியை இழுக்கும். துளை திறந்து எரிபொருள் நுண்துளிகளாகப் பீச்சப்படும். மின்னோட்டம் நின்றதும் வில் ஊசியை மூடும். எரிபொருளின் அமுக்கம் மாறாதபோது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு எரிபொருள் செல்லும். இந்நேரம் சில மில்லிசெக்கன்களாகும். அளவைக் கனவளவால் அளக்காமல் நேரத்தால் அளப்பதே இம்முறையின் நுட்பம்.

இந்நேரத்தைத் தீர்மானிப்பது கட்டுப்பாட்டலகு. கிராங்க் தண்டின் நிலை, உள்ளே வரும் வளியின் அளவு, எஞ்சினின் வெப்பநிலை, வெளியேறும் வாயுவிலுள்ள ஒட்சிசன் என்பவற்றை உணரிகள் அறிவிக்கின்றன. வெப்பநிலை உணரி ஒரு வெப்பத்தடையி. வெப்பநிலை கூட அதன் தடை குறையும். கட்டுப்பாட்டலகினுள் உள்ள திரான்சிற்றர்கள் ஆளிகளாகத் தொழிற்பட்டு உட்செலுத்திகளையும் தூண்டற் சுருளையும் இயக்குகின்றன. பொயின்ற் செய்த வேலையைத் திரான்சிற்றர் செய்கின்றது. ஆனாற் பொறி பிறக்கும் விதி மாறவில்லை. முதற்சுருளில் ஓட்டம் நிற்கும் கணத்திலேயே அது பிறக்கின்றது.

6. பழைய காரில் இவற்றை வயரிங் செய்யும்போது

உலகின் பல பாகங்களிலும் பழைய கார்களுக்கு மின்னணு எரிபற்றலையும் உட்செலுத்தலையும் பொருத்துகின்றனர். அப்போது கவனிக்க வேண்டியவை வருமாறு. ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதப் பழகுக.

(அ) முனைவு: 1950களில் வந்த பல பிரித்தானியக் கார்களில் பற்றரியின் நேர்முனையே உடலுடன் இணைக்கப்பட்டிருந்தது. மின்னணுக் கருவிகளோ பொதுவாக மறைமுனை உடலுடன் இணைவதற்கெனச் செய்யப்பட்டவை. இழை மின்குமிழுக்கு ஓட்டத்தின் திசை முக்கியமன்று. ஆனால் இருவாயியும் திரான்சிற்றரும் திசை மாறினால் ஒரு கணத்தில் அழியும். எனவே முதலில் முனைவை மாற்ற வேண்டும். அப்போது தூண்டற் சுருளின் இரு முனை இணைப்புகளையும் மாற்ற வேண்டும்; இல்லையேற் பொறி நலிவடையும்.

(ஆ) எரிபொருட் பம்பி: உட்செலுத்தலுக்கு வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 3 மடங்கு மேலதிக அமுக்கம் வேண்டும். பழைய இறப்பர்க் குழாய்கள் இதனைத் தாங்கா. மிகுதி எரிபொருள் தாங்கிக்குத் திரும்ப இன்னொரு குழாயும் வேண்டும்.

(இ) ரிலே: பம்பியின் முழு ஓட்டத்தையும் பழைய திறப்பு ஆளியினூடாகச் செலுத்தலாகாது. சிறிய ஓட்டத்தினால் மின்காந்தமொன்றை இயக்கி, அதனாற் பெரிய ஓட்டத்தின் தொடுகையை மூடுவதே ரிலே. எஞ்சின் நின்றதும் கட்டுப்பாட்டலகு ரிலேயைத் திறந்து பம்பியை நிறுத்த வேண்டும். இல்லையேல் விபத்தில் குழாய் உடைந்தாலும் பம்பி பெற்றோலை வெளியேற்றிக்கொண்டேயிருக்கும்.

(ஈ) உருகி: பற்றரிக்கு அண்மையிலேயே இருக்க வேண்டும். அதற்கு முன்னுள்ள கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை.

(உ) உட்செலுத்தியின் இணைப்பு: ஒரு முனைக்கு ரிலே, உருகி ஊடாக 12 வோல்ற்று எப்போதும் வரும். மறு முனையைக் கட்டுப்பாட்டலகு உடலுடன் இணைக்கும்போது சுற்றுப் பூர்த்தியாகும்.

(ஊ) உணரிக் கம்பிகள்: இவை செருகிகளின் உயர் வோல்ற்றுக் கம்பிகளுக்கு அருகே செல்லலாகாது. ஒவ்வொரு பொறியின்போதும் மாறும் காந்தப்புலம் அயற்கம்பியிலும் மின்னியக்க விசையைத் தூண்டும். கட்டுப்பாட்டலகு அதனை உணரியின் சைகையெனத் தவறாகக் கொள்ளும்.

(எ) மின் வழங்கல்: பழைய டைனமோ போதுமா என்பதைக் கணித்துப் பார்க்க வேண்டும்.

உதாரணம் 4: காரொன்றின் டைனமோ உயர்ந்தபட்சம் 20 அம்பியர் வழங்கும். தூண்டற் சுருளுக்கு 4 அம்பியர், பம்பிக்கு 5 அம்பியர், கட்டுப்பாட்டலகுக்கும் உட்செலுத்திகளுக்கும் 3 அம்பியர், ஏனைய விளக்குகளுக்கும் துடைப்பானுக்கும் 3 அம்பியர் தேவை. 48 உவாற்றுத் தலைவிளக்குகள் இரண்டு உண்டு. மழையிரவில் டைனமோ போதுமா?

தலைவிளக்குகளுக்கு = (48 × 2) ÷ 12 = 8 அம்பியர்
மொத்தம் = 4 + 5 + 3 + 3 + 8 = 23 அம்பியர்

3 அம்பியர் பற்றரியிலிருந்து இழக்கப்படும். மேலும், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது டைனமோ மிகக் குறைவாகவே வழங்கும். ஆதலால் மெதுவான வேகத்திலும் போதிய மின் தரும் ஆடலோட்டப் பிறப்பாக்கியைப் பொருத்துவர்.

7. இன்றைய வாகனத்திற்கு மண்ணெண்ணெய் விடலாமா?

2022 இல் நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பழைய அனுபவம் பலருக்கு நினைவுக்கு வந்திருக்கும். விடை: விடலாகாது. இன்றைய எஞ்சின்களில் நெருக்கல் விகிதம் கூடியது. தட்டலினால் முசலம் சேதமடையும். ஒட்சிசன் உணரியிலும் வெளியேற்றற் குழாயிலுள்ள ஊக்கி மாற்றியிலும் கரி படிந்து அவை பழுதடையும்.

அதனிலும் முக்கியமானது உயிராபத்து. பெற்றோல் கலந்த மண்ணெண்ணெயை விளக்கிலோ அடுப்பிலோ பயன்படுத்தக் கூடாது. பெற்றோல் அறை வெப்பநிலையிலேயே ஆவியாவதனாற் சுவாலை தாங்கியினுட் பரவித் தீ விபத்து நிகழும். வீட்டில் எரிபொருட் போத்தல்களுக்குப் பெயரிட்டு வேறாக வைக்குக. பரிசோதனையின் பொருட்டு ஓடும் எஞ்சினின் செருகிக் கம்பிகளைத் தொடாதீர்கள்.

நினைவிற் கொள்க

• தூண்டலுக்குக் காந்தப்புலம் மட்டும் போதாது. காந்தப் பாயம் மாற வேண்டும்.
• மாற்றம் விரைவானால் மின்னியக்க விசை பெரிது.
• ஆவியே எரியும், திரவம் எரியாது.
• காபுரேற்றர் வளியோட்டத்தால் எரிபொருளை அளக்கும். உட்செலுத்தி நேரத்தால் அளக்கும்.

மாதிரி வினாக்கள்

1. தூண்டற் சுருளின் துணைச்சுருளில் உயர் வோல்ற்றளவு தோன்றுவது தொடுகைகள் (1) மூடியிருக்கும்போது (2) திறக்கும் கணத்தில் (3) திறந்தே இருக்கும்போது (4) எப்போதும்.

2. கொள்ளளவி பழுதடைந்த காரில் காணத்தக்க இரு விளைவுகளைக் குறிப்பிடுக.

3. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினைப் பெற்றோலில் தொடக்குவதேன்?

4. பம்பிக்குச் செல்லும் கம்பியின் தடை 0.2 ஓம், அதனூடாக 10 அம்பியர் பாய்கின்றது. பற்றரி 12 வோல்ற்று எனின் பம்பிக்குக் கிடைக்கும் வோல்ற்றளவு யாது? இதனைக் கூட்ட ஒரு வழி கூறுக.

5. நிமிடத்திற்கு 2400 சுற்றுச் சுற்றும் எஞ்சினில் ஓர் உட்செலுத்தி ஒரு சக்கரத்திற்கு ஒரு தடவை திறக்கின்றது. செக்கனுக்கு எத்தனை தடவை திறக்கும்?

விடைகள்

1. (2).
2. செருகியிற் பொறி நலிவடைதல்; தொடுகைகள் கருகுதல்.
3. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் தீப்பற்றப் போதியளவு ஆவியாகாது, பெற்றோல் ஆவியாகும். பெற்றோல் எரிந்து எஞ்சினைச் சூடாக்கிய பின் மண்ணெண்ணெய் ஆவியாகி எரியும். ("மண்ணெண்ணெய் எரியாது" என்று மட்டும் எழுதுவது பிழை.)
4. கம்பியில் இழப்பு = 10 × 0.2 = 2 வோல்ற்று; பம்பிக்கு 10 வோல்ற்று. தடித்த கம்பியை இடுதல் அல்லது பற்றரிக்கு அருகிலிருந்து ரிலே ஊடாகக் குறுகிய கம்பியால் வழங்கல்.
5. 2400 ÷ 60 = 40 சுற்றுகள்; 40 ÷ 2 = 20 தடவை.

செயற்பாடு: உங்கள் அயலில் பழைய கார் வைத்திருப்பவர் ஒருவரின் அனுமதியுடன், எஞ்சின் நிறுத்தப்பட்டுப் பற்றரி கழற்றப்பட்ட நிலையில், முதற்சுற்றை ஒரு விரலால் தொடர்ந்து சென்று பாருங்கள். பற்றரியில் தொடங்கிக் காரின் உடலில் முடியும்வரை ஒவ்வொரு பகுதியின் பெயரையும் எழுதி வரிப்படம் வரையுங்கள். அக்கார் 1990களில் எதில் ஓடியது என்பதையும் அவரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.